'சவுண்ட் ப்ரூஃப் ஃபோம்' என்று சொல்பவரிடம் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்

வீட்டிலேயே வாய்ஸ் ஓவர் பூத் (குரல் பதிவு செய்யும் சின்ன அறை) போட நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். சென்னையில் 'ஹோம் ஸ்டுடியோ செட் பண்ணித் தருகிறோம்' என்று இன்ஸ்டாகிராமில் விளம்பரம் போடும் இன்டீரியர் ஆட்கள் இப்போது நிறைய இருக்கிறார்கள். அவர்களில் ஒருவருக்கு ஒரு லட்சத்துப் பத்தாயிரம் கொடுத்தேன். கிடைத்தது, தெருச் சத்தத்தைத் தடுக்காத, என் குரலையும் கெடுத்த, ஒரு பொறி பட்டால் பற்றிக்கொள்ளக்கூடிய ஒரு பெட்டி. புகார் நடந்துகொண்டிருப்பதால் பெயர் வேண்டாம். அவர் பேசிய பேச்சை மட்டும் கவனமாகப் படியுங்கள். அதே பேச்சை வேறு ஆட்களிடமும் கேட்டுவிட்டேன்.

என் வீடு வளசரவாக்கத்தில், ரோட்டைப் பார்த்த ஃபிளாட். ஆடியோ புத்தகங்களும் கம்பெனிகளின் பயிற்சி வீடியோக்களும்தான் என் பிழைப்பு. அதுவரை படுக்கையறையில் துணி அலமாரியைத் திறந்துவைத்து, பின்னால் ஒரு ரஜாயைத் தொங்கவிட்டுப் பதிவு செய்துகொண்டிருந்தேன். ஹார்ன் சத்தத்துக்குப் பயந்து ராத்திரியில்தான் வேலை. "பூத் போட்டா வெளிச்சத்தம் 90 பர்சென்ட் கட் ஆயிடும் சார், பகல்லயே பேசலாம்" என்றார். நாலடிக்கு நாலடி, ஏழடி உயரத்தில் பிளைவுட் பெட்டி. உள்ளே தரையைத் தவிர எல்லாப் பக்கமும் ஒரு அங்குலக் கறுப்பு பிரமிட் ஃபோம். பார்க்க நிஜமாகவே ஸ்டுடியோ மாதிரி இருந்தது. படம் எடுத்தால் யாரும் நம்புவார்கள், அதற்காகவே செய்தது அது.

ஒப்படைக்கும் அன்று ஒரு வித்தை காட்டினார். உள்ளே நின்று கையைத் தட்டினார். எதிரொலியே இல்லை. "டெட் சைலன்ஸ் பாத்தீங்களா?" அப்புறம் போனில் டெசிபல் ஆப் ஒன்றைத் திறந்து 30 என்று காட்டினார். இந்த இரண்டையும் நம்பாதீர்கள். கைத்தட்டலில் தூக்கலாகக் கேட்பது மேல் அதிர்வெண்கள்தான். ஒரு அங்குல ஃபோம் அவற்றை நன்றாகவே விழுங்கும், அதனால் கைதட்டினால் எந்த ஃபோம் அறையும் பாஸ் ஆகிவிடும். போன் ஆப்களோ இவ்வளவு குறைந்த சத்தத்தைச் சரியாக அளக்காது. போதாததற்கு அவர் காட்டியது ஏசியையும் ஃபேனையும் நிறுத்திவிட்டு, தெரு தூங்கும் மத்தியான நேரத்தில்.

முதல் ஆடியோ புத்தக அத்தியாயத்தை அனுப்பியதும் திரும்பி வந்தது. குடத்துக்குள்ளிருந்து பேசுவது போலிருக்கிறது என்றார்கள். கேட்டுப் பார்த்தால் உண்மைதான். ச, ஸ ஒலிகளின் கூர்மை மழுங்கிவிட்டது, கீழ் சுருதி மட்டும் உம்மென்று உப்பிக்கொண்டு நின்றது.

காரணம் சாதாரணக் கணக்கு. எதிரெதிர்ச் சுவர்களுக்கு இடையே ஒலி முன்னும் பின்னும் அடிபடும்போது ஒரு குறிப்பிட்ட அதிர்வெண் நின்று உப்பும். அதைக் கண்டுபிடிக்க ஒலியின் வேகத்தை (நொடிக்குச் சுமார் 343 மீட்டர்) சுவர்களின் இடைவெளியைப் போல இரு மடங்கால் வகுக்க வேண்டும். நாலடி என்றால் 1.22 மீட்டர், விடை சுமார் 140 ஹெர்ட்ஸ். ஆண் குரலின் அடிப்படைச் சுருதி ஏறக்குறைய 85 முதல் 180 ஹெர்ட்ஸ் வரை. நட்டநடுவில் வந்து விழுகிறது. நீளமும் அகலமும் ஒன்றாக இருந்ததால் இரண்டு ஜோடிச் சுவர்களும் அதே 140-ஐயே உப்பவைத்தன. மைக் ஆர்மை வேறு சுவரிலேயே பொருத்தியிருந்தார். இந்த உப்பல் மிக அதிகமாக இருப்பது சுவரோரத்தில்தான். ஒரு அங்குல ஃபோம் 125 ஹெர்ட்ஸ் பக்கம் விழுங்குவது பத்தில் ஒரு பங்கு அளவுதான். ஆக மேல் ஒலி போய்விட்டது, கீழ் ஒலி அப்படியே தங்கிவிட்டது. அந்த ரஜாய் அலமாரியே எவ்வளவோ மேல்.

போன் செய்தேன். முதலில் மைக்கைக் குறை சொன்னார். என்னிடம் இருக்கும் கண்டென்சர் வகை மைக் எல்லாவற்றையும் இழுக்கும், முன்னால் வரும் ஒலியை மட்டும் பிடிக்கிற ஷாட்கன் மைக் வாங்குங்கள் என்றார். சின்ன அறையில் பிரதிபலிப்புகளுக்கு நடுவே ஷாட்கன் மைக் தன் குணத்தையே இழந்துவிடும் என்று சவுண்ட் இன்ஜினியர் நண்பர் ஒருவர் சொன்னதால் அந்தச் செலவு தப்பியது. அடுத்து, பதிவைச் சரிசெய்யும் ஏதோ பிளக்இன் சாஃப்ட்வேர் பேரைச் சொன்னார். இ.க்யூ-வில் (அதிர்வெண் வாரியாக ஒலியைக் கூட்டிக் குறைக்கும் வசதி) 140-ஐக் குறைக்கலாம்தான். வார்த்தைக்கு வார்த்தை உப்பல் மாறுவதால், ஒன்றைச் சரிசெய்தால் இன்னொன்று ஒல்லியாகிவிடும்.

ஃபோமுக்கு டெஸ்ட் ரிப்போர்ட் கேட்டதற்கு வாட்ஸ்அப்பில் ஒரு படம் வந்தது. 'என்.ஆர்.சி. 0.9' என்று கொட்டை எழுத்தில். கீழே பொடி எழுத்தில் இருந்ததைப் பெரிதாக்கிப் பார்த்தேன்: சோதித்தது 50 மி.மீ. தடிமன் ஃபோம், என் சுவரில் இருப்பது 25. இன்னொரு சங்கதியும் தெரிந்துகொள்ளுங்கள். என்.ஆர்.சி. என்பது ஒரு பொருள் ஒலியை எவ்வளவு விழுங்குகிறது என்று சொல்லும் எண்; 250, 500, 1000, 2000 ஹெர்ட்ஸ் ஆகிய நான்கில் விழுங்குவதன் சராசரி. நம் தலைவலியான 140-ஐ ஒட்டிய 125 அந்தக் கணக்கிலேயே வராது. விற்பவரிடம் "125-ல் எவ்வளவு?" என்று மட்டும் கேளுங்கள். பதில் தெரிந்தவரோடு மேற்கொண்டு பேசலாம்.

சரி, வெளிச்சத்தமாவது நின்றதா? மேல்வீட்டு மிக்ஸி, கீழே போர் மோட்டார், ஆட்டோ ஹார்ன் எல்லாம் உள்ளே தாராளமாக வந்தன. ஃபோமுக்குச் சத்தத்தைத் தடுக்கிற வேலையே கிடையாது. அறைக்குள் எழும் ஒலி திரும்பி வராமல் பார்த்துக்கொள்வதுதான் அதன் தொழில். தடுக்க வேண்டுமானால் எடை வேண்டும், காற்றுப் புகாத அடைப்பு வேண்டும். என் பெட்டியின் சுவர் ஒற்றை பிளைவுட். கதவுக்கு ரப்பர் பீடிங் இல்லை, அடியில் விரல் நுழையும் சந்து. சுவரின் பரப்பில் நூற்றில் ஒரு பங்கு ஓட்டை இருந்தாலே போதும், மீதிச் சுவரைக் கருங்கல்லில் கட்டினாலும் 20 டெசிபலுக்கு மேல் தடுக்காது. "90 பர்சென்ட்" என்பதற்கு எந்த அளவுகோலும் இல்லை. எத்தனை டெசிபல் என்று எழுதித் தரச் சொன்னபோது பேச்சை மாற்றினார்.

இனிச் சொல்லப்போவதுதான் எனக்குத் தூக்கம் போன விஷயம். 'ஃபயர் ரிடார்டன்ட்' (சுலபத்தில் தீப்பிடிக்காதது) என்று சொல்லி விற்ற ஃபோமின் மிச்சத் துண்டை மொட்டை மாடிக்கு எடுத்துப்போய்க் கிடுக்கியில் பிடித்துத் தீக்குச்சியைக் காட்டினேன். குபீரென்று பற்றி, எரிகிற துளிகளாகச் சொட்டியது. கரும்புகை. பார்சலுக்குள் வைக்கும் பாலியூரித்தேன் ஃபோமை பிரமிட் மாதிரி வெட்டியிருக்கிறார்கள், அவ்வளவுதான். 2003 பிப்ரவரியில் அமெரிக்காவின் ரோட் ஐலண்டில் 'தி ஸ்டேஷன்' இரவு விடுதியில் வாணப்பொறி பட்டது இப்படிப்பட்ட ஃபோமில்தான். 100 பேர் இறந்தார்கள். 2013 ஜனவரியில் பிரேசிலின் சான்டா மரியா நகரில் 'கிஸ்' விடுதியிலும் கூரையில் ஒட்டிய ஃபோம்தான் பற்றியது, 242 பேர். இரண்டாவதில் பெரும்பாலோரைக் கொன்றது நச்சுப்புகை. என் பூத்தில் ஃபோமுக்குப் பின்னாலேயே எல்.இ.டி. பட்டைக்கான வயர் பைப் இல்லாமல் ஓடியது. கதவு உள்பக்கம் திறப்பது. காற்றுக்கு வழியே இல்லை. சென்னை மே மாதத்தில் ஒரு பக்கம் படித்து முடிப்பதற்குள் சட்டை நனைந்துவிடும்.

பில் கேட்டபோது, "ஜி.எஸ்.டி. போட்டா 18 பர்சென்ட் ஏறும், உங்களுக்கெதுக்கு சார்?" என்றார். வற்புறுத்திக் கேட்டதால் ஒரு தாள் கிடைத்தது. அதில் 'இன்டீரியர் வேலை' என்று மட்டும் இருந்தது. நல்லவேளையாக, 'முழு சவுண்ட் ப்ரூஃப்' என்று அவரே அனுப்பிய வாட்ஸ்அப் செய்தியும் ஜிபே ரசீதுகளும் அழியாமல் இருக்கின்றன.

பிறகு அந்த சவுண்ட் இன்ஜினியர் நண்பரும் ஒரு ஆசாரியும் சேர்ந்து பெட்டியைப் பிரித்தார்கள். ஒரு பக்கத்தை நீட்டி ஆறடி ஆக்கினோம். இப்போது நீளமும் அகலமும் வேறு வேறு. ஃபோம் முழுவதையும் உரித்துவிட்டு, கன மீட்டருக்கு 48 கிலோ அடர்த்தி, 100 மி.மீ. ராக்வூல் பலகைகளைச் சட்டத்தில் அடைத்து, சுவரிலிருந்து இரண்டு அங்குலம் தள்ளி நிறுத்தினோம். தலைக்கு மேலேயும் ஒன்று. உள்ளே இடம் சுருங்கியது, பரவாயில்லை, ஒருவர் நிற்கத் தாராளம். ராக்வூல் கல்லிலிருந்து செய்வது, எரியாது. பாய்லருக்கும் ஏசி டக்ட்டுக்கும் இன்சுலேஷன் விற்கிற கடைகளில் கேளுங்கள். ஸ்டுடியோ கடைகளில் அதே பலகை 'அகூஸ்டிக் பேனல்' ஆகி விலை ஏறிவிடும். கையாளும்போது மாஸ்க்கும் கையுறையும் கட்டாயம், அரிப்பு எடுக்கும். மேலே காடாத்துணி சுற்றினோம். எந்தத் துணியையும் வாயருகே வைத்து ஊதிப் பாருங்கள், காற்று சுலபமாகப் போனால் சரியானது. ரெக்சின் போட்டால் மேல் ஒலி திரும்ப அடிக்கும்.

மைக்கை ஸ்டாண்டுக்கு மாற்றிச் சுவரை விட்டுத் தள்ளி வைத்தோம். கதவு வெளிப்பக்கம் திறக்கிறது, ரப்பர் பீடிங் போட்டாயிற்று. உப்பல் போய்விட்டது, புத்தகக் கம்பெனி அதே அத்தியாயத்தை ஏற்றுக்கொண்டது. ஹார்ன் மட்டும் இன்னும் லேசாகக் கேட்கிறது. அதைத் தடுக்க சுவரை இரட்டிப்பாக்க வேண்டும், இப்போதைக்குக் கையில் காசில்லை, ராத்திரி வேலை தொடர்கிறது. உண்மையில் பத்துக்குப் பன்னிரண்டு படுக்கையறை இருப்பவர்களுக்குப் பெட்டியே வேண்டாம் என்பேன். பன்னிரண்டடிக்கு உப்பும் முதல் அதிர்வெண் 50 ஹெர்ட்ஸுக்கும் கீழே, குரலுக்கு வெளியே போய்விடும். முதுகுக்குப் பின்னால் இரண்டு இலவம்பஞ்சு மெத்தைகளை நிமிர்த்தி வைத்துப் பதிவு செய்து பாருங்கள். அதற்கப்புறம் யாரையாவது கூப்பிடலாம். வருகிறவரிடம் படம் கேட்காதீர்கள், அவர் கட்டிய பூத்துக்குள் பேசிய சுத்தமான, எடிட் செய்யாத பதிவைக் கேளுங்கள்.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் பதிந்ததும், அதுவரை போன் எடுக்காதவர் தானாகக் கூப்பிட்டார். ஃபோம் காசை மட்டும் தருகிறேன், கூலி தர முடியாது என்கிறார். நான் ஒத்துக்கொள்ளவில்லை. கொடுத்த பணம் ஐந்து லட்சத்துக்குள் இருந்தால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனுவுக்குக் கட்டணம் கிடையாது, இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும். மனு தயாராகிவிட்டது. அந்த 50 மி.மீ. ரிப்போர்ட்டையும், மொட்டை மாடியில் எடுத்த வீடியோவையும் இணைத்திருக்கிறேன்.