சக்கர வாக்கர்: ஐந்துக்கு ஒரு நட்சத்திரம், அதுவும் துணிக்காக

எட்டு மாதக் குழந்தைக்குப் பரிசாக வந்த வாக்கர் இது. எந்தக் கம்பெனி என்று எழுதவில்லை, சக்கரம் வைத்த எல்லா வாக்கரும் ஏறக்குறைய இதே கதைதான். நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். பூட்டுவது சுலபம், சீட் துணியைக் கழற்றித் துவைக்கலாம், பாட்டுப் பொத்தானை அணைத்து வைக்க முடிகிறது (இது பெரிய விஷயம்!).

அப்புறம் பெட்டியில் 'சீக்கிரம் நடக்க உதவும்' என்று போட்டிருக்கிறார்கள். உதவாது. குழந்தை சீட்டில் தொங்கியபடி கால்விரல் நுனியால் தரையை உந்துகிறது, அவ்வளவுதான். உடம்பைத் தானே தாங்கவோ சாயும்போது சமாளிக்கவோ அங்கே வேலையே இல்லை, முன்னால் இருக்கும் தட்டு மறைப்பதால் தன் கால்கூடக் கண்ணில் படாது. தவழ்ந்து, எதையாவது பிடித்து எழுந்து, பொத்தென்று உட்கார்ந்து, மறுபடி எழுந்துதானே நடை வரும்? வாக்கரிலேயே கிடக்கும் பிள்ளை நடக்கத் தாமதமாகலாம் என்றுதான் குழந்தை மருத்துவர்கள் சொல்கிறார்கள்.

எனக்குப் பயம் அதன் வேகம். 1 நொடியில் 3 அடிக்கு மேல் போய்விடும், நாம் எழுந்து பிடிப்பதற்குள் முடிந்துவிடும். 'பக்கத்தில்தானே இருக்கிறேன்' என்பவர்களுக்கு: பெரும்பாலான வாக்கர் விபத்துகள் பெரியவர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே நடக்கின்றன என்கிறது அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாடமி. அங்கே 1990 முதல் 2014 வரை 15 மாதம் நிரம்பாத 2,30,000-க்கும் மேற்பட்ட குழந்தைகள் இதனால் அவசர சிகிச்சைக்குப் போயிருக்கிறார்கள், முக்கால்வாசிப் பேர் படிக்கட்டில் உருண்டவர்கள். கனடா 2004-லேயே விற்பனையைத் தடை செய்துவிட்டது.

சரி, வாக்கர் உண்மையில் யாருக்கு? நமக்குத்தான். சமைக்க, குளிக்க, ஒரு போன் பேச நமக்குக் கை ஓய்வு வேண்டும். அது நியாயமான தேவை, தனியாளாகப் பிள்ளையைப் பார்த்துக்கொள்பவரை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்தப் பத்து நிமிடத்துக்குச் சக்கரம் இல்லாத தடுப்பு வேலி போதும், மற்ற நேரம் தரையில் ஒரு விரிப்பு. இன்னும் நகரத் தொடங்காத குழந்தை விழித்திருக்கும்போது நாளொன்றுக்கு மொத்தம் 30 நிமிடமாவது குப்புறக் கிடந்து விளையாட வேண்டும், எந்தக் குழந்தையையும் தொடர்ந்து 1 மணி நேரத்துக்கு மேல் எதிலும் கட்டிப்போடக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2019-ல் சொன்னது.

எழுந்து நிற்கத் தொடங்கிய பிறகு, பிள்ளை தானே நின்று தள்ளுகிற நடைவண்டி வாங்கலாம். லேசாக இருந்தால் வழுக்கிக்கொண்டு முன்னால் ஓடும், கனமானதாகப் பாருங்கள். பழைய வாக்கரை யாராவது சும்மா தருகிறேன் என்றாலும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.