எம்.எஸ். அசதி: முதலில் சைக்கிளா, நோட்டுப் புத்தகமா?

மூளையையும் தண்டுவடத்தையும் தாக்கும் நரம்பு நோயான மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் (எம்.எஸ்.) உள்ளவர் சொல்லும் அசதி, வேலை செய்த களைப்பு அல்ல. இரவு முழுக்கத் தூங்கி எழுந்தும், பல் துலக்கி முடித்ததுமே உட்காரச் சொல்லும் அசதி. இதற்கு இரண்டு வழிகள் பேசப்படுகின்றன. ஒன்று உடற்பயிற்சி. மற்றது, இருக்கிற தெம்பைப் பங்கிட்டுச் செலவழிக்கச் சொல்லித்தரும் வகுப்பு. எதைத் தொடும் முன்பும் ரத்தசோகை, தைராய்டு, மனச்சோர்வு, சிறுநீருக்காக எழுந்து எழுந்து கெடும் தூக்கம் ஆகியவற்றைப் பரிசோதித்துவிட வேண்டும். தசை இறுக்கத்துக்குத் தரும் பாக்லோஃபென் மருந்தும் அசதி தரும்.

உடற்பயிற்சிக்கு 2013இல் வந்த கனடிய வழிகாட்டுதல் தெளிவான அளவு சொல்கிறது: மிதமான வேகத்தில் 30 நிமிடம், வாரம் 2 முறை, தசைப் பயிற்சியும் 2 முறை. லேசான, நடுத்தர பாதிப்பு உள்ளவர்களுக்கான அளவு இது. மிதம் என்றால் பேச முடியும், பாட முடியாது. முதல் நாளே 30 நிமிடம் வேண்டாம். நின்ற இடத்தில் ஓட்டும் சைக்கிளில் 5 நிமிடம், ஓய்வு, மறுபடி 5 நிமிடம். அது பழகிய பின் வாரத்துக்கு ஓரிரு நிமிடம் கூட்டலாம்.

பலரும் கைவிடுவது சூட்டால்தான். உடல் வெப்பம் அரை டிகிரி ஏறினாலே சிலருக்குப் பார்வை மங்கும், கால் இழுக்கும். ஜெர்மன் கண் மருத்துவர் உத்தாஃப் 1890இல் பதிவு செய்த நிலை இது. உடல் குளிர்ந்ததும் சரியாகிவிடும். நரம்புக்குப் புதிய சேதம் இல்லை. இதை யாரும் சொல்லாததால், நோய் முற்றிவிட்டதென்று பயந்து நிறுத்திவிடுகிறார்கள். நம் ஊர் வெயிலுக்கு விடிகாலைதான் நல்ல நேரம். எதிரே மின்விசிறியும், கழுத்தில் ஈரத்துண்டும், பக்கத்தில் குளிர்ந்த நீரும் இருக்கட்டும்.

வகுப்புக்கு நல்ல உதாரணம் பிரிட்டனின் ஃபேசட்ஸ்: வாரம் ஒன்றாக 6 அமர்வு, ஒவ்வொன்றும் சுமார் 90 நிமிடம். வேலைகளை எப்படிப் பிரிப்பது, எதை அடுத்தவரிடம் விடுவது என்பதோடு நிற்காமல், "படுத்தால் சோம்பேறி என்பார்கள்" போன்ற எண்ணங்களையும் அது கையாள்கிறது. அந்த இரண்டாவது பகுதிதான் முக்கியம் என்பது எங்கள் கணிப்பு. நெதர்லாந்து ஆய்வாளர்கள் மூன்று வழிகளைத் தனித்தனியே சோதித்து 2017இல் வெளியிட்டனர். சக்தியைச் சேமிக்கும் பாடம் மட்டும் அசதியைக் குறைக்கவில்லை. சைக்கிள் பயிற்சியின் பலனும் சிறிதுதான். எண்ணத்தையும் நடத்தையையும் மாற்றும் சிகிச்சை உதவியது. ஆனால் ஓராண்டில் அந்தப் பலன் தேய்ந்துபோனது. பல ஆய்வுகளைத் திரட்டிப் பார்க்கும் காக்ரேன் அமைப்பின் 2015 தொகுப்பாய்வோ உடற்பயிற்சிக்கு மிதமான பலன் உண்டு என்கிறது.

ஓய்வை மட்டும் கற்றவருக்குத் தசை தளர்ந்து அசதி கூடுகிறது. பயிற்சியை மட்டும் கற்றவர், நல்ல நாளில் வீட்டையே கழுவிவிட்டு அடுத்த இரண்டு நாள் படுக்கிறார். ஆகவே நோட்டுப் புத்தகம் முதலில், சைக்கிள் பிறகு என்போம். இரண்டு வாரம், இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை, செய்த வேலையையும் அசதிக்கு 0 முதல் 10 வரை ஒரு எண்ணையும் எழுதுங்கள். எண் குறைவாக நிற்கும் நேரம் தெரிந்துவிடும். பயிற்சியை அங்கே வையுங்கள். துணி துவைப்பதையும் சந்தைக்குப் போவதையும் அந்த நாளில் வைக்காதீர்கள்.

நடை தள்ளாடினால் நாற்காலியில் அமர்ந்தே செய்யலாம். காய்ச்சல் இல்லாமல், உடல் குளிர்ந்த பிறகும் புதிய மரப்போ பார்வைக் குறைவோ 24 மணி நேரம் தாண்டினால் நரம்பியல் மருத்துவரை அழையுங்கள்.