மார்கழிக் கன்னியாகுமரி: காட்சிக்கு முனை, சாப்பாட்டுக்கு மேற்குக் கரை

மார்கழி இரண்டாம் வாரத்தில், மாமனாரையும் அழைத்துக்கொண்டு கன்னியாகுமரியில் மூன்று இரவுகள் தங்கினோம். பார்ப்பதற்கு முனையில் தங்கலாம். சாப்பிடுவதற்கு மட்டும் மேற்கே சில கிலோமீட்டர் போய்விட வேண்டும் என்பதே என் கருத்து.

இந்த மாவட்டத்தில் தென்மேற்கு, வடகிழக்கு ஆகிய இரு பருவமழைகளும் பெய்வதால், ஐப்பசி, கார்த்திகை மழை ஓய்ந்த பிறகுதான் வானம் நம்பத்தக்கதாகிறது. மார்கழியில் சூரியன் தெற்கே சாய்ந்து செல்வதால், கோடையில் நிலத்தின் பக்கம் ஒதுங்கி மறையும் அது, இப்போது முனையிலிருந்து பார்க்கும்போதே கடலுக்குள் இறங்குகிறது. காலையில் ஆறரை மணியளவில் எழுவதையும் மாலையில் ஆறு மணி கடந்து மறைவதையும், நடந்து போகும் தூரத்திற்குள்ளேயே பார்த்துவிட்டோம்.

விவேகானந்தர் பாறைக்குப் படகில் போனவர்கள், கடல் உள்வாங்கினாலோ அலை மிகுந்தாலோ வள்ளுவர் சிலையைத் தொலைவிலிருந்தே வணங்கித் திரும்புவது முன்பு வழக்கமாயிருந்தது. பாறையையும் சிலையையும் இணைத்து 2024 டிசம்பர் 30 அன்று திறக்கப்பட்ட 77 மீட்டர் நீளக் கண்ணாடிப் பாலம் இந்தக் குறையைத் தீர்த்துவிட்டது. காலடியில் தெரியும் அலையைப் பார்த்துப் பலரும் கூச்சலிட, மாமனாரோ 133 அடி வள்ளுவரை அருகில் பார்க்கும் அவசரத்தில் கீழே குனியவேயில்லை. இது சபரிமலைப் பக்தர்கள் வரும் காலமாகையால் படகு வரிசை நீளமாயிருக்கும். காலை முதல் படகுக்கே போய் நின்றுவிடுவது நல்லது.

தங்கிய விடுதியைப் பற்றிப் பெருமையாகச் சொல்ல ஒன்றுமில்லை. கடல் தெரியும் அறை என்று கூடுதல் வாடகை வாங்கினார்கள். சன்னலைத் திறந்தால் முதலில் தெரிந்தது பக்கத்துக் கட்டடத்தின் தண்ணீர்த் தொட்டி. முனையைச் சுற்றியுள்ள உணவகங்கள் மாலை போட்டு வருபவர்களையும் வடநாட்டுப் பயணிகளையும் நம்பியிருப்பதால், சைவச் சாப்பாட்டிலும் சப்பாத்தியிலும் குறை சொல்ல முடியாது. ஆனால் கடற்கரைச் சாலையில் வாங்கிய பொரித்த மீன், காலையில் ஒருமுறை எண்ணெயைக் கண்டு மாலையில் மறுமுறை கண்டது போலிருந்தது.

மறுநாள் பழையாறு கடலில் கலக்கும் மணக்குடிப் பக்கம் போனோம். அங்கே, பெயர்ப்பலகை இல்லாத, நான்கு மேசைகள் மட்டுமே போட்ட ஒரு வீட்டுக்கடையில் நெய்மீன் (வஞ்சிரம்) கேட்டேன். கடைக்கார அம்மா, "மக்களே, நெய்மீன் நேத்து உள்ளது, அயிலை இப்பத்தான் வந்திச்சு, அதத் தின்னுங்க" என்றார். விலை கூடிய மீனை விற்க மறுத்த அந்த ஒரு வாக்கியத்திற்காகவே இந்த மதிப்புரையை எழுதத் தோன்றியது.

தேங்காயை வெண்ணெய் போல் அரைத்து, மிளகாயும் மல்லியும் மஞ்சளும் சேர்த்து, புளியோடு மாங்காய்த் துண்டுகளையும் போட்டு வைத்திருந்த அயிலை (கானாங்கெளுத்தி) குழம்பு, சிவப்புச் சம்பா அரிசிச் சோற்றின் மேல் விழுந்ததும் வழிந்தோடாமல் அப்படியே நின்றது. அதைவிடவும் என்னைக் கட்டிப்போட்டது, தேங்காயும் சீரகமும் பச்சைமிளகாயும் சேர்த்து மயக்கிய, அதாவது மசித்த, மரச்சீனிக்கிழங்கு (மரவள்ளி); அதைச் சாளை (மத்தி) குழம்பில் தொட்டுத் தின்னும்போது சோறு எதற்கென்றே தோன்றியது. நெத்தோலி (நெத்திலி) பொரியலில் மட்டும் உப்பு ஒரு கை கூடுதல். கிழக்குக் கரையின் மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, மேற்குக் கரையினுடையது ஜூன், ஜூலை மாதங்கள். இரு கரைகளும் சந்திக்கும் இம்மாவட்டத்தில், குளிர்காலத்தில் இரண்டு பக்கமும் விசைப்படகுகள் கடலுக்குப் போகின்றன என்பது சாப்பிடுபவருக்குக் கூடுதல் நன்மை.

உண்ட களைப்பில் வட்டக்கோட்டைக்குப் போயிருக்கக் கூடாது. கருங்கல் மதிலில் ஏறியதும் ஒருபக்கம் கடலும் மறுபக்கம் மேற்குத் தொடர்ச்சி மலையும் தெரிந்ததால் மன்னித்தேன். வலசைப் பறவைகளைப் பார்க்க விரும்புவோர், 2022-இல் உலகளாவிய முக்கியத்துவம் கொண்ட ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் இடம்பெற்ற சுசீந்திரம் தேரூர்க் குளங்களுக்கு விடியற்காலையில் போகலாம். முட்டத்துப் பாறைகளில் மாலையில் உட்கார்ந்திருப்பது சுகம், ஆனால் ஆனி, ஆடியைப் போலக் கடல் சீறவில்லை என்பதை நம்பி வழுக்குப் பாறையில் இறங்கிவிடக் கூடாது.

காலை உணவுக்கு நாகர்கோவிலில் ஆவி பறக்கும் புட்டும் பயறும் பப்படமும் கிடைத்தன. சாலையோரத்தில் அவித்த பனங்கிழங்கு கட்டுக்கட்டாக விற்றார்கள். நார் உரித்துத் தின்பதில் மாமனாருக்கு ஈடாக எங்களால் முடியவில்லை. திரும்பும்போது, 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற மட்டி வாழைப்பழத்தில் இரண்டு சீப்பு வாங்கினோம். பழுத்தால் இரண்டு நாள் தாங்காது என்று கடைக்காரர் எச்சரித்தார். திருநெல்வேலி வருமுன்பே தோல்தான் மிஞ்சியிருந்தது.