பீனிக்ஸில் ஏசி ரிப்பேர்: யாரைக் கூப்பிடலாம், எதற்கு எவ்வளவு கொடுக்கலாம்

அரிசோனாவின் பீனிக்ஸ், சாண்ட்லர், கில்பர்ட் பக்கம் வீடு வைத்திருப்பவர்களுக்கு என்றாவது ஒரு ஜூலை மதியம் ஏசி மெக்கானிக் தேவைப்படுவார். 2023-இல் ஜூன் 30 தொடங்கி 31 நாள் விடாமல் வெயில் 110 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டது அல்லது தாண்டியது. அப்படியொரு நாளில் வீட்டுக்குள் 90 ஏறிவிட்டால் யாருக்கும் விலை பேசும் தெம்பு இருக்காது. இந்த ஊர் ரிப்பேர் தொழில் அதை நன்றாகத் தெரிந்து வைத்திருக்கிறது. 30 டாலர் பாகம் ஒன்று செத்துப்போன வீட்டில், புது ஏசிக்கு 12,000 டாலர் கொட்டேஷன் கொடுத்துவிட்டுப் போவது இங்கே சர்வ சாதாரணம். ஆகவே ஒரு சேவையை எடை போட ஒரே கேள்வி போதும்: வந்தவர் மீட்டரை வைத்து அளந்தாரா, அளந்த எண்ணை உங்களிடம் சொன்னாரா?

முதலில் இங்கே ஏன் இவ்வளவு பழுது வருகிறது என்று பார்த்துவிடலாம். ஏசியின் டன் கணக்கு (எவ்வளவு குளிரூட்டும் என்ற அளவு), வெளியே 95 டிகிரி என்று வைத்துப் போடப்படுவது. 115-இல் அதே மெஷின் பத்து சதவீதத்துக்கும் மேல் குறைவாகக் குளிரூட்டும், கரண்டை மட்டும் கூடுதலாக இழுக்கும். ஆர்-410ஏ கேஸ் ஓடும் யூனிட்டில் வெளிப்பக்க அழுத்தம் 95 டிகிரியில் 400 பிஎஸ்ஐ அளவில் இருக்கும். 115-இல் அது 500-ஐ நெருங்கும். போதாக்குறைக்கு இங்கே பல வீடுகளில் யூனிட் மொட்டை வெயிலில் கூரை மேல் உட்கார்ந்திருக்கிறது.

அதிகம் சாவது கெப்பாசிட்டர், அதாவது மோட்டார்கள் கிளம்பவும் ஓடவும் உதவும் மின் பாகம். கேஸை அழுத்தித் தள்ளும் கம்ப்ரஸருக்கும் வெளி ஃபேனுக்கும் சேர்த்து ஒரே டப்பா. மேலே 45+5 மைக்ரோஃபாரட், 440 வோல்ட் என்பது போல எழுதியிருக்கும். உள்ளே இருக்கும் எண்ணெயும் மெல்லிய ஏடும் சூட்டில் தளர்ந்து, கொள்ளளவு கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும். அறிகுறி தெளிவானது: வெளி யூனிட் 'உம்ம்' என்று முனகும், ஃபேன் சுற்றாது, உள்ளே வருவது வெறும் காற்று. எழுதியிருக்கும் அளவில் 6 சதவீதத்துக்கு மேல் குறைந்தால் மாற்ற வேண்டியதுதான். நல்ல மெக்கானிக் யூனிட்டை நிறுத்தாமலே அளப்பார்: கெப்பாசிட்டரிலிருந்து கம்ப்ரஸருக்குப் போகும் ஸ்டார்ட் ஒயரின் ஆம்பியரை 2652-ஆல் பெருக்கி, கெப்பாசிட்டரின் இரு முனைக்கு இடையிலுள்ள வோல்ட்டால் வகுத்தால் மைக்ரோஃபாரட் கிடைக்கும். 5.3 ஆம்பியர், 350 வோல்ட் என்றால் சுமார் 40. நாற்பத்தைந்து இருக்க வேண்டிய இடத்தில் நாற்பது, ஆகவே மாற்றலாம். பாகத்தின் விலை 15 முதல் 40 டாலர். மாற்றித்தர 150 முதல் 350 வரை கேட்பார்கள். 400-க்கு மேல் கேட்டால் வேறு ஆளைப் பாருங்கள். 370 வோல்ட் இருந்த இடத்தில் 440 போடலாம், 440 இருந்த இடத்தில் 370 போடக்கூடாது. நீங்களே மாற்றுவதானால் யூனிட் பக்கத்திலுள்ள டிஸ்கனெக்டை (மின் இணைப்பைத் துண்டிக்கும் செருகியை) உருவி, ப்ரேக்கரை அணைத்து, கெப்பாசிட்டரில் தேங்கிய கரண்டை இறக்கிய பிறகே கை வைக்கவும். இந்த வரி புரியாதவர்கள் கை வைக்க வேண்டாம்.

அடுத்தது கான்டாக்டர், தெர்மோஸ்டாட் சொல்லும்போது வெளி யூனிட்டுக்குக் கரண்ட் விடும் சுவிட்ச். சூட்டில் அதன் முனைகள் கருகும். எறும்புகளுக்கும் அந்த இடம் ஏனோ பிடிக்கும். முனைகளுக்கு இடையே நசுங்கிக் கிடக்கும். முனைகள் ஒட்டிக்கொண்டால், தெர்மோஸ்டாட்டை அணைத்த பிறகும் வெளி யூனிட் ஓடிக்கொண்டே இருக்கும். அப்போது ப்ரேக்கரை அணைத்துவிட்டு ஆளைக் கூப்பிடுங்கள். 200 முதல் 350 டாலர்.

வெளி ஃபேன் மோட்டார் காலையில் ஓடி, மூன்று மணிக்கு நின்று, இரவில் மறுபடி ஓடினால் பெரும்பாலும் அதன் பேரிங் போய், சூட்டில் ஓவர்லோட் (சூடு மீறினால் மோட்டாரை நிறுத்தும் பாதுகாப்பு சுவிட்ச்) விழுகிறது என்று பொருள். 400 முதல் 800 வரை ஆகும். புதிதாகப் போடுவது 70 டிகிரி செல்சியஸ் வரை தாங்கும் மோட்டாரா என்று கேளுங்கள். இந்த ஊருக்கு 60 டிகிரி மோட்டார் போதாது. அதற்குரிய கெப்பாசிட்டரும் புதிதாகப் போட வேண்டும். உள் ஃபேனில் வேகம் மாறும் ஈசிஎம் மோட்டார் இருந்தால் செலவு ஆயிரத்தைத் தாண்டும்.

ஜூன் நடுவில் தொடங்கி செப்டம்பர் வரை நீளும் மழைக்காலத்தில் பழுதின் ரகமே மாறிவிடும். காற்றில் ஈரம் ஏறும், காற்றைக் குளிர்விக்கும் உள் காயிலில் தண்ணீர் அதிகம் சொட்டும், முக்கால் அங்குல டிரெயின் குழாயில் தூசியும் பாசியும் சேர்ந்து அடைத்துக்கொள்ளும். ஜன்னலுக்கு மேலே சுவரிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் சிறு குழாயில் தண்ணீர் சொட்டினால் பிரதான டிரெயின் குழாய் அடைத்துவிட்டது என்று அர்த்தம். அந்த இடத்தில் குழாய் வைப்பதே உங்கள் கண்ணில் படத்தான். அடைத்த குழாயின் வெளி முனையில் வெட் வேக்யூம் வைத்து இரண்டு நிமிடம் உறிஞ்சினால் பெரும்பாலும் சரியாகும். ஆளைக் கூப்பிட்டால் 100 முதல் 250. கவனிக்காமல் விட்டால் சீலிங் ஊறி இடிந்து விழும். அது வேறு கணக்கு.

புழுதிப்புயல் அடித்த மறுநாள் ஃபில்டரைப் பாருங்கள். கோடையில் ஒரு அங்குல ஃபில்டரை மாதம் ஒருமுறை மாற்ற வேண்டும், மெர்வ் (ஃபில்டர் எவ்வளவு நுண்ணிய தூசியைப் பிடிக்கும் என்ற தர எண்) 8 போதும். மெர்வ் 13 நல்லது என்று ஒரு அங்குல தடிமனில் வாங்கிப் போட்டால், பல வீடுகளில் காற்று திணறிக் காயிலில் ஐஸ் கட்டிவிடும். ஐஸ் கட்டிய யூனிட்டை அப்படியே அளந்து "கேஸ் குறைவு" என்று சொல்பவரை நம்ப வேண்டாம். குளிரூட்டலை அணைத்து, ஃபேனை மட்டும் சில மணி நேரம் ஓடவிட்டு, ஐஸ் முழுதும் கரைந்த பிறகு அளந்தால்தான் அந்த எண்ணுக்கு மதிப்பு.

கேஸ் விஷயத்தில்தான் ஏமாற்று அதிகம். ஏசி மூடிய குழாய். அதில் கேஸ் தானாகத் தீராது. வருடா வருடம் நிரப்புகிறார்கள் என்றால் எங்கோ ஓட்டை இருக்கிறது. ஆர்-410ஏ பவுண்டுக்கு 50 முதல் 150 டாலர் வரை கேட்கிறார்கள். புதிய உற்பத்தியும் இறக்குமதியும் 2020-இல் நின்றுபோன ஆர்-22 அதைவிட விலை. ஓட்டை தேட மட்டும் 200 முதல் 500. நிரப்புவதற்கு முன் சப்கூலிங் (வெளிக் காயிலில் திரவமான கேஸ் அதற்குப் பிறகு எத்தனை டிகிரி குளிர்ந்தது என்ற எண்) எவ்வளவு என்று கேளுங்கள். இருக்க வேண்டிய அளவு பெரும்பாலும் யூனிட்டின் லேபிளிலேயே அச்சாகியிருக்கும். அழுத்த கேஜ் முள்ளை மட்டும் பார்த்தே முடிவு சொல்பவரை அனுப்பிவிடலாம். உள் காயிலே ஓட்டையானால் 1,500 முதல் 3,000 வரை.

கம்ப்ரஸர் போய்விட்டது என்ற தீர்ப்பு 2,000 முதல் 4,000 டாலர் வரை விழும். இதைச் சொல்லும்போது ஒன்றைக் கட்டாயம் கேட்டுவிடுங்கள். கம்ப்ரஸருக்குள் சூடு ஏறினால் உள் ஓவர்லோட் திறந்துகொள்ளும். அப்போது கம்ப்ரஸரின் மூன்று மின் முனைகளில் காமன் முனையிலிருந்து மற்ற இரண்டுக்கும் (ஸ்டார்ட், ரன்) மீட்டர் எதுவும் காட்டாது, ஆனால் ஸ்டார்ட்-ரன் முனைகளுக்கு இடையே ஓம் காட்டும். இது செத்த கம்ப்ரஸர் அல்ல, கொதிக்கும் கம்ப்ரஸர். மின்சாரத்தை அணைத்து, மின் முனைகள் நனையாமல் அதன் மேல் தண்ணீர் ஊற்றியோ, இரவு முழுக்க விட்டோ ஆறவைத்தால் ஓவர்லோட் மூடிக்கொள்ளும். பிறகு ஏன் சூடேறியது என்று தேட வேண்டும்; பாதி நேரம் விடை பழைய கெப்பாசிட்டரிலோ அழுக்குக் காயிலிலோ இருக்கும். மதியம் நான்கு மணிக்கு அவசரத்தில் வரும் ஆள் இந்தச் சோதனையைத் தாண்டிப் போய்விடுவது உண்டு.

இனி சேவை ரகங்கள். பழுதான நாளில் மட்டும் கூப்பிடும் முறையில், வந்து பார்க்க 75 முதல் 150 டாலர், ராத்திரி அல்லது ஞாயிறு என்றால் 100 முதல் 200 கூடுதல். விளம்பரப் பலகை வைத்த பெரிய கம்பெனிகள் அன்றே வருவார்கள். வருபவருக்கு விற்பனையில் கமிஷன் இருக்கலாம். ஒன்றிரண்டு பேர் நடத்தும் சின்னக் கடைகள் ஜூலையில் இரண்டு நாள் கழித்து வருவார்கள், பில் மூன்றில் ஒரு பங்கு குறையும். ஏப்ரலிலேயே அப்படி ஒருவரைப் பிடித்து, அவர் எண்ணை வைத்துக்கொள்வதே நல்லது.

வருடப் பராமரிப்புத் திட்டம் 150 முதல் 300 டாலர். நிபந்தனையோடு வாங்கலாம். மார்ச்-ஏப்ரல் வருகையில் வெளிக் காயிலைத் தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும், கெப்பாசிட்டர் எண்ணை எழுதித்தர வேண்டும், டிரெயினை ஊதிவிட வேண்டும். பாலோ வெர்டே மரம் பக்கத்தில் இருந்தால் மஞ்சள் பூ கொட்டி முடிந்த மே மாதத்தில் இன்னொரு கழுவல் நல்லது. அதைத் தோட்டக் குழாயால் நீங்களே செய்யலாம். பிரஷர் வாஷர் வேண்டாம், காயிலின் ஃபின்கள் (மெல்லிய தகடுகள்) மடங்கிவிடும். திட்டத்தின் உண்மையான பயன் ஜூலையில் வரிசையில் முன்னால் நிற்பதுதான். 49 டாலர் "ட்யூன்-அப்" என்று வரும் கூப்பன், பெரும்பாலும் விற்பனையாளரை வீட்டுக்குள் கூட்டிவரும் செலவு.

ஹோம் வாரன்டியை (வருடக் கட்டணம் வாங்கி வீட்டுச் சாதனப் பழுதைப் பார்க்கும் ஒப்பந்தத்தை) ஏசிக்காக வாங்க வேண்டாம். வருடத்துக்குப் பல நூறு டாலர், ஒவ்வொரு வருகைக்கும் 75 முதல் 125. அவர்கள் அனுப்பும் ஆளுக்குக் கூலி குறைவு, அதனால் கோடையில் உங்கள் வீடு அவர் பட்டியலில் கடைசி. கேஸுக்குப் பவுண்டுக்கு இவ்வளவுதான் என்ற வரம்பு, கூரை யூனிட்டைத் தூக்கும் கிரேன் வாடகை சேராது என்ற வரி எல்லாம் ஒப்பந்தத்தின் சின்ன எழுத்தில் இருக்கும். வீடு விற்றவர் முதல் வருடத்துக்கு வாங்கிக் கொடுத்திருந்தால் வைத்துக்கொள்ளலாம்.

புது யூனிட் பேச்சு வரும்போது, வயதை ரிப்பேர் செலவால் பெருக்கி 5,000 தாண்டினால் மாற்று என்று ஒரு கணக்கு சொல்வார்கள். முழு சிஸ்டம் 8,000 முதல் 16,000 வரை விற்கும் காலத்தில் அந்த எண் விற்பவருக்குத்தான் சாதகம். 11 வயது யூனிட்டில் 500 டாலர் மோட்டார் போடுவதில் தவறே இல்லை. 12 வயதைத் தாண்டி கம்ப்ரஸரோ காயிலோ போனால் மாற்றலாம். இந்த வெயிலில் 10 முதல் 15 வருடம்தான் ஆயுள். 2025 ஜனவரி முதல் புதிய வீட்டு ஏசி சிஸ்டங்களை ஆர்-410ஏ-க்காகத் தயாரிக்க முடியாது. இப்போது வருபவை ஆர்-454பி அல்லது ஆர்-32. பழைய யூனிட்டுகளுக்கு ஆர்-410ஏ இன்னும் கிடைக்கிறது, "கேஸே வராது, மாற்றித்தான் ஆக வேண்டும்" என்பது பொய். மாற்றும் முன் பழைய யூனிட்டின் பாக வாரன்டியைப் பாருங்கள். பல பிராண்டுகளில் வாங்கிய சில மாதத்துக்குள் பதிவு செய்திருந்தால் 10 வருடம், இல்லாவிட்டால் 5. பாகம் இலவசம், கூலி உங்களுடையது.

கையெழுத்திடும் முன், லைசென்ஸ் வழங்கும் மாநில அமைப்பான அரிசோனா ரெஜிஸ்ட்ரார் ஆஃப் கான்ட்ராக்டர்ஸ் இணையதளத்தில் லைசென்ஸ் எண்ணைத் தேடுங்கள். 1,000 டாலர் அல்லது அதற்கு மேல் போகும் வேலைக்கு லைசென்ஸ் கட்டாயம். லைசென்ஸ் உள்ளவர் செய்த வேலை சரியில்லை என்றால் இரண்டு வருடத்துக்குள் அங்கே புகார் கொடுக்கலாம். வாடகை வீட்டில் இருப்பவர்கள் இந்தச் செலவு எதையும் தலையில் போட்டுக்கொள்ள வேண்டியதில்லை: பீனிக்ஸ் நகர விதிப்படி, ஏசி உள்ள வாடகை வீடு 82 டிகிரிக்கு மேல் போகக்கூடாது, கூலர் மட்டும் உள்ள வீடு 86. அறை நடுவில் தெர்மாமீட்டர் வைத்துப் படம் எடுத்து, வீட்டுக்காரருக்கு எழுத்தில் அனுப்பிவிடுங்கள்.