நாய்க்கு ஷூ வாங்குவதா, வாக்கிங் நேரத்தை மாற்றுவதா?

வேலூரின் மே மாத வெயிலைப் பற்றி யாருக்கும் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. போன வருடம் கத்திரி நடக்கும்போது எங்கள் செவலையைத் தடுப்பூசிக்கு அழைத்துப் போயிருந்தேன், நாட்டு நாய், 4 வயது. ஊசி போட்டுத் திரும்பும்போது மணி 11 தாண்டிவிட்டது, இரண்டு தெரு தூரம்தானே என்று நடத்தியே கூட்டி வந்தேன். பாதி வழியில் நின்றுவிட்டாள், ஒரு காலைத் தூக்குவதும் இன்னொன்றை வைப்பதுமாக. களைப்பு என்று நினைத்துக் கயிற்றை இழுத்தேன். வீட்டில் புரட்டிப் பார்த்தால் முன்னங்கால் இரண்டிலும் உள்ளங்கால் கொப்பளித்திருந்தது. அந்தக் கயிற்றை இழுத்தது இன்றைக்கும் எனக்கு உறுத்துகிறது.

அப்புறம்தான் ஒவ்வொன்றாக முயற்சி செய்தேன்: மெழுகு, காலுறை, ஷூ, நேரத்தை மாற்றுவது.

முதலில் மெழுகு, ஏனென்றால் பலரும் முதலில் வாங்குவது இதைத்தான். பாதத்தில் தடவினால் மெல்லிய படலமாக நிற்கும், வறண்டு வெடித்த பாதத்துக்கு உண்மையிலேயே நல்லது, பனி விழும் நாடுகளில் பனியும் சாலையில் தூவும் உப்பும் ஒட்டாமல் இருக்க இதைத் தடவுகிறார்கள். ஆனால் நம் ஊர்ச் சூட்டுக்கு இது தடுப்பு கிடையாது. காற்றில் 31 டிகிரி இருக்கும்போதே நேர் வெயில் படும் தார் ரோடு 60 டிகிரியைத் தொட்டுவிடும், நம்மூரில் காற்றே 40 டிகிரி. அந்தச் சூட்டை இவ்வளவு மெல்லிய படலம் எப்படித் தடுக்கும்? தேங்காய் எண்ணெயும் அப்படித்தான். தடவிய ஐந்தாவது நிமிடம் நக்கிவிடுகிறாள், மிச்சம் இருப்பது டைல்ஸில் வழுக்குகிறது.

குழந்தைகளின் பழைய காலுறை வீட்டுக்குள் காயத்தை மூடி வைக்க உதவும், ரோட்டுக்கு வேண்டாம். துணி வழியாகச் சூடு ஏறிவிடும்.

ஷூ விஷயம் கொஞ்சம் பெரியது. தடித்த ரப்பர் அடியும் மேலே காற்றோட்டமான துணியும் வெல்க்ரோ பட்டையும் உள்ள ஷூ நிஜமாகவே பாதத்தைக் காப்பாற்றுகிறது, இவ்வளவு பேசியதில் சூட்டை நேரடியாகத் தடுக்கும் ஒரே பொருள் இதுதான். பலூன் மாதிரி மெல்லிய ரப்பரில் வருவதை வாங்காதீர்கள், சூட்டையும் அதிகம் தடுக்காது, காற்றும் புகாது. நாய்க்கு வியர்ப்பது முக்கியமாகப் பாதத்தில்தான், அதனால் எந்த ஷூவானாலும் வீட்டுக்கு வந்ததும் கழற்றிப் பாதத்தைத் துடைத்துவிட வேண்டும். அளவு எடுக்கும்போது நாய் நின்றுகொண்டிருக்க வேண்டும், எடை இறங்கும்போது பாதம் விரியும். படுத்திருக்கும்போது எடுத்த அளவை நம்பி நான் வாங்கிய முதல் செட் 700 ரூபாய் வீண். பழக்கவும் ஒரு வாரம் பிடித்தது: முதலில் வீட்டுக்குள், ஒரு காலுக்கு மட்டும், கையில் கோழித் துண்டு.

ஆனால் ஷூவில் ஒரு பெரிய ஆபத்து இருக்கிறது. கால் சுடவில்லை என்பதால் நாய் நடந்துகொண்டே இருக்கும், நாமும் மதியம் 12 மணிக்கு நிம்மதியாகக் கூட்டிப்போவோம். உடம்புச் சூட்டை ஷூ தடுக்காது. நாய் சூட்டைத் தணிப்பது பெரும்பாலும் மூச்சிரைப்பதால், வெப்பக் காற்றில் அது போதாமல் போனால் உயிரே போய்விடும். பக், பாக்ஸர் மாதிரி மூக்கு சப்பையான நாய்களுக்கு இன்னும் ஆபத்து.

அதனால் என் ஓட்டு நேரத்தை மாற்றுவதற்குத்தான், செலவும் இல்லை. நாங்கள் இப்போது காலை ஐந்தரைக்குக் கிளம்பி ஏழுக்குள் திரும்பிவிடுகிறோம். சாயங்காலம்தான் பலர் ஏமாறுவார்கள்: சூரியன் இறங்கிவிட்டது என்று ஆறரைக்குக் கிளம்பினால் தாரும் சிமெண்டும் பகல் முழுக்க வாங்கிய சூட்டை அப்போதும் விட்டிருக்காது. கடிகாரத்தை நம்பாமல் புறங்கையை ரோட்டில் 7 விநாடி வையுங்கள், உங்களால் தாங்க முடியாவிட்டால் நாய்க்கும் வேண்டாம். மண் தரை, நிழலில் இருக்கும் புல் இரண்டும் நல்லது. செயற்கைப் புல் பச்சையாக இருக்கிறதே என்று விட்டுவிடாதீர்கள், வெயிலில் அது பயங்கரமாகச் சுடும். மொட்டை மாடியும் அப்படியே.

அப்போ ஷூ யாருக்கு? சுற்றி முழுக்க சிமெண்டாக இருக்கும் அடுக்குமாடியில் வளரும் நாய்க்கு, மதியமும் ஒருமுறை வெளியே போயே ஆக வேண்டிய வயதான நாய்க்கு, பகலில் மருத்துவரிடம் போக வேண்டிய நாளுக்கு. ஐந்து பத்து நிமிடம், அதற்கு மேல் வேண்டாம்.

சுட்டுவிட்டால் உடனே நிழலுக்குத் தூக்கிப் போய்க் குளிர்ந்த தண்ணீரைப் பாதத்தில் 10 நிமிடமாவது ஊற்றுங்கள். குழாயைத் திறந்ததும் முதலில் உங்கள் கையை நீட்டிப் பாருங்கள், மதியத்தில் மாடித் தொட்டித் தண்ணீரே கொதிக்கும், பானைத் தண்ணீர்தான் சரி. ஐஸ், பற்பசை, மஞ்சள் எதுவும் வேண்டாம். நமக்கு வாங்கி வைத்திருக்கும் வலி மாத்திரையைத் தயவுசெய்து கொடுக்காதீர்கள், பாராசிட்டமாலும் இப்யூப்ரோஃபெனும் நாய்க்கு விஷமாகலாம். நக்கவிடாமல் மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு போங்கள்.

இவ்வளவும் வீட்டு நாய்க்கு. தெரு நாய்க்கு ஷூவும் கிடையாது, நேரத்தை மாற்றித் தர ஆளும் கிடையாது. எங்கள் வாசல் புங்க மரத்தடியில் கோணிச்சாக்கை நனைத்துப் போட்டு, பக்கத்தில் ஒரு மண்சட்டியில் தண்ணீர் வைக்கிறோம், மதியம் இரண்டு முறை சாக்கை மறுபடி நனைக்க வேண்டும். இப்போது ஒரு மணி ஆனால் மூன்று நாய்கள் அதில் வந்து படுத்துக்கொள்கின்றன.