சமூகப் பணியாளர்களுக்கான உணர்வுசார் நுண்ணறிவுப் பயிற்சி: ஒரு மதிப்பீடு

உணர்வுசார் நுண்ணறிவை வளர்த்துக்கொண்டால் பணிச்சோர்வைத் தவிர்க்கலாம் என்ற அறிவிப்போடு, சமூகப் பணியாளர்களுக்கென்றே நடத்தப்படும் இணையவழிப் பயிற்சி ஒன்றை அண்மையில் முடித்தேன். அறிவிப்பின் முதற்பாதியைப் பயிற்சி நன்றாகவே நிறைவேற்றுகிறது. இரண்டாம் பாதிதான் கைகூடவில்லை.

பாடத்தின் அடித்தளம் உறுதியானது. உளவியலாளர்கள் பீட்டர் சலோவேயும் ஜான் மேயரும் 1990-இல் முன்வைத்து, 1997-இல் நான்கு திறன்களாக வகுத்த கருத்தாக்கத்தைத் தழுவி, உணர்வை இனங்காணுதல், சிந்தனைக்குத் துணையாகக் கொள்ளுதல், அதன் போக்கைப் புரிந்துகொள்ளுதல், நெறிப்படுத்துதல் ஆகிய நான்கு திறன்களையும் களப்பணியோடு பொருத்தி விளக்குகிறார்கள். இவற்றுள் கேஸ் குறிப்பு எழுதும் பயிற்சி மிகச் சிறப்பானது. பக்கத்தை இரண்டாகப் பிரித்து, இடப்புறம் வீட்டில் கண்டதையும் கேட்டதையும், வலப்புறம் அந்நேரம் நமக்குள் எழுந்ததையும் எழுத வேண்டும். மாதிரிக் குறிப்பில் இடப்புறம் "தாய் ஒத்துழைக்கவில்லை" என்றும், அதற்கு நேராக "அவர் குரலை உயர்த்தியதும் பயந்துவிட்டேன், சீக்கிரம் கிளம்பினால் போதும் என்றிருந்தது" என்றும் இருக்கிறது. இரண்டையும் சேர்த்துப் படித்தால், ஒத்துழைக்கவில்லை என்ற முடிவு எங்கிருந்து வந்தது என்பது விளங்கிவிடுகிறது. குழந்தையைப் பெற்றோரிடமிருந்து பிரிப்பதா என்று தீர்மானிக்க வேண்டிய கேஸ்களில் இந்தத் தெளிவு சாதாரணமானதல்ல. (வலப்புறக் குறிப்பு அலுவலகக் கோப்பில் சேரக் கூடாது என்பதை இன்னும் அழுத்திச் சொல்லியிருக்கலாம்.)

சறுக்கல், நெறிப்படுத்துதல் பற்றிய அமர்வில் தொடங்குகிறது. எதிரில் இருப்பவர் கத்தினாலும் முகத்தை அமைதியாக வைத்துக்கொள்ளும் உத்திகளே அதில் பெரும்பகுதி. உள்ளே ஒன்றும் வெளியே ஒன்றுமாக இருப்பது ஊழியரை எப்படி வாட்டுகிறது என்பதைச் சமூகவியலாளர் ஆர்லி ஹாக்‌ஷீல்ட் 1983-லேயே உணர்வு உழைப்பு என்ற கருத்தாக்கத்தின் வழியே விளக்கியிருக்கிறார். சோர்வுக்குக் காரணமானதையே மருந்தாக நீட்டுவது எனக்குச் சரியாகப்படவில்லை.

பணிச்சோர்வு என்பது களைப்பு மட்டுமல்ல. உளவியலாளர் கிறிஸ்டினா மாஸ்லாக் உருவாக்கிய அளவுகோல் உணர்வுக் களைப்பு, வருபவர்களை மனிதர்களாக அல்லாமல் கோப்புகளாகப் பார்க்கத் தொடங்குதல், தன் பணியால் எதுவும் சாதிக்கப்படவில்லை என்ற எண்ணம் என மூன்றையும் அளக்கிறது. பயிற்சியோ களைப்போடு நின்றுவிடுகிறது. உலக சுகாதார நிறுவனத்தின் ஐசிடி-11 என்ற நோய் வகைப்பாடு இதனை நோயாகக் கொள்ளாமல், சரிவரக் கையாளப்படாத தொடர் பணியிட அழுத்தத்தின் விளைவாகவே வரையறுக்கிறது. அப்படியிருக்க, கேஸ்களின் எண்ணிக்கை, மேற்பார்வை, முடிவெடுக்கும் உரிமை ஆகியவை ஒரே ஒரு ஸ்லைடில் முடிந்துபோகின்றன. விடுப்பில் சென்ற சக ஊழியரின் கேஸ்களையும் சேர்த்துப் பார்க்கும் ஒருவர் என்ன செய்வது என்று பங்கேற்பாளர் ஒருவர் கேட்டதற்கு, "எல்லை வகுத்துக்கொள்ளுங்கள்" என்பதே பயிற்றுநரின் பதில். காலக்கெடு வைத்து வரும் குழந்தைப் பாதுகாப்புப் புகாரை முடியாது என்று திருப்பியனுப்பும் அதிகாரம் களப்பணியாளருக்கு ஏது?

ஒலி, ஒளித் தரத்திலும் சான்றிதழ் வழங்குவதிலும் குறையில்லை. புதிதாகப் பணியில் சேர்ந்தவர்களுக்குத் தயங்காமல் பரிந்துரைப்பேன். ஏற்கெனவே சோர்ந்து போனவர்களுக்கு விடுப்பும் கேஸ் குறைப்பும்தான் முதலில் தேவை. அவற்றுக்குப் பதிலாக இந்தப் பயிற்சிக்கு அனுப்புவது இன்னொரு வேலையைத் தலையில் கட்டுவதாகவே முடியும். மேற்பார்வையாளரும் குழுவோடு சேர்ந்து பங்கேற்றால் பயன் கூடும் என்று தோன்றியதால் அதற்கு வழியுண்டா என்று கேட்டிருந்தேன். இப்போதைக்குக் களப்பணியாளர்களுக்கு மட்டும் என்று பதில் வந்திருக்கிறது.