கட்டமா, எண்ணா: முதலில் எதைத் தொடுவது?

தமிழில் ஒரு சுடோகு செயலி செய்துகொண்டிருக்கிறேன். ஒன்பதுக்கு ஒன்பது கட்டங்களில், ஒரே வரிசையில் எந்த எண்ணும் திரும்ப வராதபடி 1 முதல் 9 வரை நிரப்பும் புதிர் அது. விதிகளை நிரலில் எழுத இரண்டு நாள் போதுமாக இருந்தது. ஒரு எண்ணைக் கட்டத்துக்குள் எப்படிப் போடுவது என்று முடிவெடுக்கத்தான் ஒரு மாதம் பிடித்தது.

வழி இரண்டு. கட்டத்தைத் தொட்டுவிட்டு எண்ணைத் தொடலாம். அல்லது எண்ணை முதலில் எடுத்துக்கொண்டு, அது போகவேண்டிய கட்டங்களைத் தொட்டுக்கொண்டே போகலாம்.

81 கட்டங்களில் 30 முன்பே தரப்பட்டிருந்தால் மீதி 51. முதல் வழியில் கட்டத்துக்கு இரண்டு வீதம் 102 முறை தொடவேண்டும். இரண்டாவதில், ஒரு எண்ணை எடுத்தால் அதை முடித்துவிட்டே அடுத்ததுக்குப் போகிறவருக்கு 60 போதும். எண்ணை அடிக்கடி மாற்றுகிறவருக்கு இந்த மிச்சம் குறையும்.

ஆனால் எண்ணிக்கையை மட்டும் வைத்து முடிவெடுத்தால் தப்பாகிவிடும். தக்கலையில் இருக்கும் என் அத்தை தினமும் நாகர்கோவில் பஸ்ஸில் போய்வருகிறவர். ஒரு கை கம்பியில், இன்னொரு கையில் போன், கட்டைவிரல் ஒன்றுதான் வேலை செய்யும். எண் முதலில் வரும் வடிவத்தைக் கொடுத்தேன். மறுநாள் சொன்னார்: "மக்ளே, நான் ஏழு போட்டேன், அது ஏன் நாலா விழுது?" கையில் இருந்தது நாலு. ஏழுக்கு மாற்ற மறந்துவிட்டார், அதைத் திரையும் சொல்லவில்லை. இது அவர் தப்பு இல்லை, என் வடிவமைப்பின் தப்பு. இப்போது எடுத்த எண்ணின் பொத்தான் நிறம் மாறி, பெரிதாகி நிற்கும். பலகையில் அதே எண் இருக்கும் கட்டங்களும் கூடவே தெரியும். அதற்கப்புறம் அந்தப் புகார் வரவில்லை.

கட்டம் முதலில் வரும் வழிக்கும் ஒரு நியாயம் இருக்கிறது. 'ஏழு எங்கே போகும்?' என்று தேடும்போது எண் கையில் இருந்தால் சுகம். 'இந்தக் கட்டத்தில் என்ன வரும்?' என்று யோசிக்கும்போது கட்டத்தில்தான் விரல் போகும். கணினியில் அம்புக்குறி விசையும் எண் விசையும் கைக்கடியில் இருப்பதால் அங்கே இதுவே இயல்பு.

போனில் இடமும் போதாது. ஆண்ட்ராய்டு வழிகாட்டி தொடும் இடத்துக்கு 48 அலகு கேட்கிறது. 360 அலகு அகலமான திரையை ஒன்பதாகப் பிரித்தால் கட்டத்துக்கு 40தான். எண்களையும் ஒரே வரிசையில் அடுக்கினால் அவையும் 40 ஆகிவிடும். அதனால் இரண்டு வரிசையாக்கினேன். போனுக்கு என் ஓட்டு எண் முதலில் வரும் வழிக்கே. எண் எதுவும் எடுக்காமல் கட்டத்தைத் தொட்டால் மற்ற வழிக்குத் தானாக மாறிக்கொள்ளும்.

பிழை காட்டுவதிலும் இரண்டு கட்சி. விடையோடு ஒப்பிட்டு உடனே சிவப்பாக்கினால் ஊகித்து ஊகித்தே முடித்துவிடலாம், புதிரே செத்துப்போகும். ஒரே வரிசையில் இரண்டு ஐந்து இருந்தால் மட்டும் காட்டுவது சரி, அது கண்ணுக்குத் தெரிவதுதான். நிறத்தோடு ஒரு அடிக்கோடும் வேண்டும், சிவப்பும் பச்சையும் பிரித்தறிய முடியாதவர்கள் இருக்கிறார்கள்.

அழிக்கும் பொத்தானை முதலில் 9-க்கு அடுத்து வைத்திருந்தேன். வழியில் வில்லுக்குறி என்ற ஊர்ப் பக்கம் பஸ் குலுங்கியதில் அத்தை போட்ட எண் போய்விட்டது. இப்போது அது இடது ஓரத்தில் தனியாக இருக்கிறது. ஒரு படி பின்னால் போகும் பொத்தான் மட்டும் கட்டைவிரலுக்கு எட்டும் இடத்தில்.